எந்த மசாஜ் என்று கேட்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, மசாஜ் வகைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்பு முதல் தாய்லாந்து முறை வரை ஒவ்வொன்றையும் படத்துடனும் கட்டண விவரத்துடனும் அறிமுகப்படுத்தி, அவரவருக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அக்கட்டுரை முடிந்திருந்தது. தென்காசிப் பகுதியில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிந்து வருபவள் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது நோய்நொடி இல்லாத உடம்புக்கு மட்டுமே பொருந்தும். மசாஜைத் தேடிப் போகிறவர்களில் பலர் இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, கால் குடைச்சல் என்று ஏதேனும் ஒரு தொல்லையோடுதான் போகிறார்கள். அவர்களில் கணிசமானோர் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை உட்கொள்பவர்கள். அவர்களைப் பொறுத்தவரை, எந்த மசாஜ் என்பது இரண்டாவது கேள்வி. இன்றைக்கு இந்த உடம்பில் கை வைக்கலாமா, வைத்தால் எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் என்பதே முதல் கேள்வி.

எங்கள் குற்றாலத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழத் தொடங்கிவிட்டால், அருவிக்கரைகளில் எண்ணெயோடு தேய்த்துவிடுபவர்கள் காத்திருப்பார்கள். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, தோளையும் முதுகையும் கைகால்களையும் உருவி, தட்டி, அதன் பிறகு அருவியில் நிற்க அனுப்புவார்கள். அந்த வேலையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். நாள் முழுவதும் குனிந்து நின்று அடுத்தவர் அலுப்பைப் போக்குகிறவர்களின் கையில் இருக்கும் நிதானம் சில மாத வகுப்பில் வந்துவிடுவதில்லை. ஆனால், அவர்கள் முன்னால் வந்து உட்காருபவரைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ இரவு முழுவதும் பேருந்தில் காலைத் தொங்கவிட்டபடியே வந்து இறங்கியவர் அவர். "கெண்டைக்கால் ஒரே கடுப்பா இருக்கு, நல்லா அழுத்தி உருவி விடுங்கண்ணே" என்று அவரே கேட்பார்.

நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலின் ஆழத்திலுள்ள சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு உண்டு. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்து எழுந்தவர்கள் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு மேலும் அதிகம். ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தாலோ, அந்தக் கால் மற்றதைவிடச் சூடாகவோ சிவந்தோ இருந்தாலோ, கெண்டைக்கால் விடாமல் வலித்தாலோ அதைப் பயண அசதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தகைய காலை அழுத்தி உருவும்போது உறைகட்டி பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு சென்று நுரையீரல் நாளத்தை அடைத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும். பெரும்பாலான பயணிகளுக்கு இப்படி எதுவும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. ஆனால் உருவிவிடத் தொடங்கும் முன், "ரெண்டு காலும் வலிக்குதா, ஒரு கால் மட்டுமா? வீக்கம் இருக்கா? சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்பதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

காய்ச்சல் அடிக்கும் நாளில் எந்த மசாஜும் வேண்டாம். தோலில் சிரங்கோ, சீழ்க்கட்டியோ, ஆறாத புண்ணோ இருக்கும் இடத்தைத் தொடக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவருக்கு ஆழ்ந்த அழுத்தம் கொடுத்தால் உள்ளே இரத்தம் கசிந்து கன்றிப்போகும். மாதவிலக்கு நின்றுபோன பெண்களிலும் நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டவர்களிலும் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கக்கூடும். அவர்களின் முதுகில் முழங்கையை ஊன்றுவதும், மேலே ஏறி மிதிப்பதும் விலா எலும்பையோ முதுகெலும்பையோ முறித்துவிடலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு எண்ணெயின் சூடு தெரியாது. தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். புதிதாகச் சுளுக்கிக்கொண்ட கணுக்காலை அன்றே நீவிவிடுவது நம் ஊர்களில் பரவலான பழக்கம். உள்ளே தசைநார் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் நீவினால் வீக்கம் கூடுமே தவிரக் குறையாது; எலும்பில் கீறல் விழுந்திருந்தால் அது விலகவும் செய்யலாம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்து, ஊன்றி நடக்கவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை.

இவையெல்லாம் ஆங்கில மருத்துவம் படித்தவர்களின் பயம் என்று சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. காய்ச்சல் கண்டவருக்கும், செரியாமை உள்ளவருக்கும், கபம் மிகுந்தவருக்கும் எண்ணெய்த் தேய்ப்பு ஆகாது என்பது நம் மரபு மருத்துவர்களும் காலங்காலமாகச் சொல்லிவரும் விதிதான். சுற்றுலா விடுதிகளின் விலைப்பட்டியலுக்கு மரபின் தைலங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அதன் விலக்குகள் வந்து சேரவில்லை.

இனி வகைகளுக்கு வருகிறேன். சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகள் என்று 32 வகைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதிலேயே ஒன்பது விதங்கள் உண்டு. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் யோஹான் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர் ஒழுங்குபடுத்திய, இன்று ஸ்வீடிஷ் மசாஜ் என்று அழைக்கப்படும் முறையில் நீளமாக வழித்தல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வித்தல் என்று ஐந்து அசைவுகள் உள்ளன. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மனிதத் தசை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கை அதைத் தொடக்கூடிய வழிகளும் ஏறக்குறைய அவையேதான். ஆகவே பலகையில் எழுதியிருக்கும் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும் என்று நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வது வழக்கம். அழுத்தம் எவ்வளவு, எண்ணெயும் சூடும் உண்டா, மூட்டுகளை வளைத்து இழுப்பார்களா, எந்த நிலையில் எவ்வளவு நேரம் படுத்திருக்க வேண்டும் என்பவையே அவை. ஒரு முறையை இன்னொன்றிலிருந்து உண்மையாகவே பிரித்துக் காட்டுபவை இந்த நான்குதான்.

இந்த அளவுகோலால் பார்த்தால் ஸ்வீடிஷ் முறை மென்மையிலிருந்து நடுத்தரம் வரையிலான அழுத்தம் உடையது. எண்ணெய் உண்டு, மூட்டுகளை அதிகம் வளைப்பதில்லை. முதன்முறையாக மசாஜ் செய்துகொள்பவருக்கும், தூக்கம் கெட்டு மன இறுக்கத்தோடு இருப்பவருக்கும், நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து தோள் கல்லாக இறுகியவருக்கும் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். டீப் டிஷ்யூ என்று தனிக் கட்டணம் வைத்து விற்கப்படுவது, அதே அசைவுகளை மெதுவாகவும் ஆழமாகவும், குறிப்பிட்ட ஓரிடத்தில் நெடுநேரமும் செய்வது. அது உடம்பு முழுவதற்கும் தேவைப்படுவது அரிது. ஓட்டப்பயிற்சி செய்பவரின் தொடைப் பின்தசை, சுமை தூக்குபவரின் தோள்பட்டை என்று இறுகிப்போன ஓரிடத்துக்கு அது போதும். அதையும் தசைகளின் அமைப்பைப் படித்தவர் செய்ய வேண்டும்.

கேரளம் எங்களுக்குச் செங்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். ஆகவே ஆயுர்வேத முறைகளை எங்கள் பகுதி மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அப்யங்கம் என்ற எண்ணெய்த் தேய்ப்பை இருவர் இருபுறமும் நின்று ஒரே சீராகச் செய்யும்போது உடம்புக்குக் கிடைக்கும் அமைதிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஞவரை அரிசியைக் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்துத் துணியில் கட்டி ஒற்றும் கிழி, வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பு முழுவதும் பிழியும் பிழிச்சல், மருந்துப் பொடியை மேல்நோக்கித் தேய்க்கும் உத்வர்த்தனம் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்நிலைக்காக வகுக்கப்பட்டது. வைத்தியர் நாடி பார்த்து, வயதையும் செரிமானத்தையும் கேட்டு, பல நாட்கள் தொடர்ச்சியாகப் பத்தியத்தோடு செய்ய வேண்டிய சிகிச்சைகள் இவை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போய்ப் பிழிச்சல் செய்துகொண்டு வருவதில் சுகம் இருக்கலாம், சிகிச்சை இருக்காது. சுகத்துக்காகப் போகிறோம் என்று தெரிந்தே போவதில் குற்றம் எதுவும் இல்லை. மூட்டுவாதம் தீர்ந்துவிடும் என்று நம்பி, உட்கொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டுப் போவதுதான் தவறு. களரி மரபில் வந்த, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து உழியும் முறையும் அப்படித்தான். அடவுகள் பழகும் இளம் உடம்பின் வளைவுக்காக அமைந்த அதை, இடுப்புத் தட்டு விலகிய ஐம்பது வயதுக்காரருக்குச் செய்வதை எந்த ஆசானும் ஒப்பமாட்டார்.

வர்மத்தைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் இருக்க இயலாது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்மார் காத்து வந்த அந்தக் கலையில், வர்மங்கள் எனப்படும் உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகள் 108 சொல்லப்படுகின்றன. அவற்றில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மங்கள் 12, அதைவிடத் தீவிரம் குறைந்த தொடுவர்மங்கள் 96. அடிபட்ட இடத்தை இளக்குவதற்கு விரலின் அளவும் அழுத்தத்தின் அளவும் கணக்காக வைத்துக் கற்றுக்கொடுக்கப்பட்ட கலை அது. அழுத்தம் தவறினால் தீங்கு நேரும் என்று அந்த மரபே எச்சரிக்கிறது. அதனாலேயே மாணவனின் குணத்தைப் பார்த்த பிறகே ஆசான்கள் கற்பித்தார்கள். இன்று நகரங்களில் வர்ம மசாஜ் என்ற பலகையின் கீழ் வேலை செய்பவர் யாரிடம், எத்தனை ஆண்டுகள் பயின்றவர் என்று கேட்கத் தயங்கவே வேண்டாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களின் மேற்பார்வையில் புற மருத்துவச் சிகிச்சைகளைப் பெறலாம். பலகையைப் பார்த்து மயங்கி அதிகப் பணம் கொடுப்பதைவிட, அங்கே காத்திருப்பது எவ்வளவோ மேல்.

தாய்லாந்து முறை இப்போது நம் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. தளர்வான ஆடையோடு தரையில் விரித்த மெத்தையில் படுக்க வைத்து, எண்ணெய் இல்லாமல் கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றால் அழுத்தி, கைகால்களை இழுத்து வளைத்துச் செய்வது அது. பாங்காக் நகரின் வாட் போ ஆலயத்தில் மூன்றாம் ராமா மன்னரின் காலத்தில் அதன் அழுத்த இடங்களைக் கற்பலகைகளில் வரைந்து வைத்தார்கள். 2019இல் யுனெஸ்கோ அந்தக் கலையைப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நெடுநேரம் உட்கார்ந்தே வேலை செய்யும் இளைஞர்களின் இறுகிய இடுப்புக்கும் தொடைக்கும் அது மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. எண்ணெய் பிடிக்காதவர்களுக்கும், ஆடை களையக் கூச்சப்படுபவர்களுக்கும் வசதியானதும் அதுவே. ஆனால் நான்கு செய்திகளில் மூன்றாவதை நினைவில் கொள்ள வேண்டும்: மூட்டுகளை மிக அதிகமாக வளைக்கும் முறையும் அதுதான். இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றிக்கொண்டவர்கள், தட்டு விலகல் உள்ளவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் அதைத் தவிர்ப்பது நல்லது. ஜப்பானிய ஷியாட்சுவும் ஆடையோடு, எண்ணெயின்றிச் செய்யப்படுவது. இழுப்பும் வளைப்பும் அதில் குறைவு.

பாத மசாஜைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்காலின் இன்ன இடம் சிறுநீரகம், இன்ன இடம் கல்லீரல் என்று படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை அழுத்தினால் அந்த உறுப்பின் நோய் தீரும் என்பதற்கோ, நோயை அதன் மூலம் கண்டறியலாம் என்பதற்கோ நம்பத்தகுந்த சான்று இல்லை. பாதம் இதமாகும், மனம் அமைதியடையும், அவ்வளவுக்காகப் போகலாம். இதற்கு நேர்மாறாக, பலரும் அறியாத ஒரு முறை மருத்துவத்தில் உண்மையாகவே பயன்படுகிறது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை வீங்கிப்போகும் பெண்களுக்கு, திசுக்களில் தேங்கிய நிணநீரை வடியச் செய்வதற்காகத் தோலை மிக மென்மையாக நகர்த்திச் செய்யும் சிகிச்சை அது. அழுத்தக் கட்டோடும் பயிற்சிகளோடும் சேர்த்து, அதற்கெனப் பயின்றவரிடம் மட்டுமே அதைச் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கையை யாராவது எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் வீக்கம் கூடும்.

இடுப்பு வலிக்கு எது நல்லது என்பதே என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. புதிதாக வந்த, வேறு நோயின் அறிகுறி இல்லாத இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் வெப்ப ஒற்றடம், மசாஜ் போன்றவற்றை முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அந்த வழிகாட்டுதல் மறைக்கவில்லை. என் அனுபவமும் அதை ஒட்டியதே. மசாஜ் வலியைச் சில நாட்களுக்குத் தணிக்கும். அந்தச் சில நாட்களில் நடக்கவும், வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைத் தொடங்கவும் செய்தால் வலி திரும்புவது குறையும். பயிற்சி செய்யாமல் வாராவாரம் போய்ப் படுத்துக்கொள்பவருக்கு வலியும் வாராவாரம் திரும்பி வருவதையே பார்த்திருக்கிறேன். காலில் வலு குறைந்தாலோ, தொடையின் உட்பகுதியும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, எந்த மசாஜையும் நாடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலுள்ள நரம்புக்கொத்து நசுங்குவதன் அறிகுறி அது. தாமதித்தால் கால் திரும்ப வலுப்பெறாமலே போய்விடக்கூடும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், வலித்தால்தான் சரியாகும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நம்பிக்கையை மசாஜ் செய்பவர்களைவிடச் செய்துகொள்பவர்களே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும்போது தசை தன்னைக் காத்துக்கொள்ள மேலும் இறுகத்தான் செய்கிறது. இதமான வலி என்று ஒன்று உண்டு. அழுத்தும்போது மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தால் அது இதமான வலி. மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் அழுத்தம் மிகுதி. மறுநாள் தோல் கன்றி நீலம் பாய்ந்திருப்பது நல்ல மசாஜின் அடையாளம் ஆகாது, அது காயம். அதேபோல், உடம்பிலுள்ள நச்சுக்கள் வெளியேறும் என்ற விளம்பரத்தையும் நம்பத் தேவையில்லை. நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. உடற்பயிற்சியின்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம் மசாஜ் இல்லாமலே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தானே குறைந்துவிடும். கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் வலியை மசாஜ் ஓரளவு குறைக்கிறது என்பது உண்மை. அந்த அளவோடு அதைப் பாராட்டினால் போதும்.

சலூன்களில் தலை மசாஜின் முடிவில் இலவசமாகச் செய்துவிடும் கழுத்து நெட்டி முறிப்பைப் பற்றி நான் இதைவிடக் கடுமையாகச் சொல்ல விரும்புகிறேன். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் கழுத்தெலும்புகளின் ஊடே போகின்றன. தலையைத் திடீரென்று ஒரு பக்கமாகத் திருப்பிச் சொடுக்கும்போது அந்த நாளத்தின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதாகவே நேர்கிறது என்றாலும், நாற்பது வயதுகூட ஆகாதவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. நெட்டி முறிவதால் வரும் சத்தத்துக்கும் கழுத்து வலி தீர்வதற்கும் தொடர்பில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொல்லுங்கள். அது மிகவும் இதமானது. "கழுத்தை மட்டும் திருப்ப வேண்டாம்ணே" என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

பெண்களைப் பற்றித் தங்கள் கட்டுரை எதுவும் கூறவில்லை. அருவிக்கரையில் ஆண்களுக்குக் கிடைக்கும் எண்ணெய்த் தேய்ப்பு பெண்களுக்குக் கிடைப்பதில்லை. நகரத்து நிலையங்களுக்குப் போகலாம் என்றால் மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தார் முகம் சுளிக்கும் நிலை இருக்கிறது. வீட்டு வேலை, வயல் வேலை, பீடி சுற்றும் வேலை என்று கழுத்தும் இடுப்பும் தேய உழைக்கும் எங்கள் மாவட்டத்துப் பெண்களைவிட இதற்குத் தகுதியுடையவர்கள் யார்? பெண்ணே பெண்ணுக்குச் செய்யும் ஏற்பாடு, உடம்பில் அந்த நேரத்தில் தொடாத பகுதி முழுவதையும் துணியால் மூடி வைக்கும் வழக்கம், எந்தக் கணத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்ற உறுதி ஆகிய மூன்றும் இல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். கருவுற்றிருக்கும்போது ஒருக்களித்துப் படுத்த நிலையில், வயிற்றைத் தொடாமல், மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலோடு மென்மையாகப் பிடித்துவிடலாம். கைக்குழந்தைகளுக்கு எண்ணெய் தடவி இதமாக நீவுவது நல்ல பழக்கமே. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்குக்குள் ஊதுவதையும், தலை உருண்டையாக வேண்டும் என்று அழுத்துவதையும் பாட்டிமார் விட்டுவிட வேண்டும். மூச்சுக்குழலுக்குள் போகும் எண்ணெய் குழந்தையின் நுரையீரலில் தங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

ஜப்பானில் மசாஜும் ஷியாட்சுவும் செய்பவர்கள் குறைந்தது மூன்று ஆண்டுகள் பயின்று அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். நம் நாட்டில் இயன்முறை மருத்துவத்துக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்குப் பட்டமும் பதிவும் இருக்கின்றன. மசாஜ் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அப்படியொரு தேர்வு கிடையாது. கடைக்கு உரிமம் கேட்கிறோம், கைக்குக் கேட்பதில்லை. அதற்காகக் குற்றாலத்திலும் ஒகேனக்கல்லிலும் எண்ணெய் தேய்த்துப் பிழைப்பவர்களை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் வருமானத்தை இழந்து நிற்பவர்கள் அவர்கள். மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து, சாரல் காலத்துக்கு முன் அவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, அந்த நாட்களுக்கான கூலியையும் கொடுத்து, அடையாள அட்டை வழங்கலாம். யாரைத் தொடக் கூடாது, எந்த வீக்கத்தைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கழுத்தை ஏன் சொடுக்கக் கூடாது என்பவற்றை அந்தத் திறமையான கைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரிய செலவில்லை. பேரருவிக்குப் போகும் வழியில், மசாஜ் செய்துகொள்ளும் முன் சொல்ல வேண்டிய நோய்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒரு பலகை வைப்பதும் எளிது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பிதழில் இத்தகைய கட்டுரை இனி வரும்போது, வகைகளையும் கட்டணத்தையும் அடுத்து, யார் யாருக்கு அந்த முறை ஆகாது என்ற பகுதியையும் அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். அடுத்த சாரல் தொடங்கும் முன்பே ஒரு முறை அதைத் தனியாக வெளியிட்டால் வெளியூரிலிருந்து புறப்படுபவர்களுக்கு உதவியாக இருக்கும். அதற்கான கேள்விகளையும் விலக்குகளையும் தொகுத்து எழுதித் தர நானும் எனக்கு அறிமுகமான சித்த மருத்துவர் ஒருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இயன்முறை மருத்துவர்,
தென்காசி.